கஷாயம் குடித்த கடா

“இருமல் கொல்லல அண்ணாச்சி. நான் குடுத்த கஷாயந்தான் கொன்னுது.”

நாகர்கோவில் மாட்டாஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால், இருமிக்கொண்டிருந்த ஒற்றை எருமைக்கடாவைப் பிடித்துக்கொண்டு நின்ற தோவாளைக்காரர்தான் இப்படிச் சொன்னார். பக்கத்தில் கன்றுக்குட்டியோடு நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

“கஷாயம் குடிச்சு மாடு சாவுமா ஓய்?”

“இதுக்க ஜோடிக் கடா லேசா இருமிச்சு. தலையத் தூக்கிக் கெட்டி, நாக்க வெளிய இழுத்துப் பிடிச்சு, மூங்கில் குழாயில சுக்குக் கஷாயம் ஊத்துனேன். நாக்கப் பிடிச்சா முழுங்க முடியாதாம். அவ்வளவும் நெஞ்சுக்குள்ள எறங்கிட்டு. நாலாம் நாள் மூக்குல சீழு வந்துது, மூச்சு நாறிச்சு. செத்த பெறவு டாக்டர் அறுத்துப் பாத்தாரு. நுரையீரல் அழுகிக் கெடந்துது.”

“நாக்கப் பிடிச்சுத்தானே ஓய் நாங்க எல்லாரும் ஊத்துகோம்?” பெரியவரின் குரல் இறங்கிவிட்டது.

அதற்குள் தோவாளைக்காரரின் முறை வந்தது. உள்ளே போய் ஒரு மருந்துக்குப்பியோடு திரும்பியவர், அதைப் பெரியவரிடம் நீட்டினார்.

“முதல் வேளை மட்டும் நீங்க குடுங்க அண்ணாச்சி.”

“நீரே குடுக்கலாமே. டாக்டர்தான் சொல்லித் தந்திருப்பாரே?”

“சொன்னாரு. தலையத் தூக்காண்டாம், நாக்கப் பிடிக்காண்டாம், கொஞ்சங் கொஞ்சமா ஊத்துண்ணு.”

“பெறவு என்ன?”

“என் கையக் கண்டா இது தானா வாயத் தொறக்கும் அண்ணாச்சி. செத்துப்போன கடாவும் அப்பிடித்தான் தொறந்துது.”