ரெண்டு மிதி

இருங்க சார், சாவியத் திருப்பாதீங்க. என்ன அவசரம், நீங்க வாங்க வந்த வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது. பானெட்டத் திறந்து பாத்தீங்கல்ல, அந்த ரெட்டக் கார்ப்பரேட்டர்? பாத்துப் பாத்துப் போட்டது சார் அது. முன்னாடி இருந்தது ஒத்தக் கார்ப்பரேட்டர், மேடு ஏறும்போது கிழவன் மாதிரி இருமும். இப்ப லேசாக் கால் வெச்சாப் போதும், பாஞ்சுடும்.

ஆமா, மாமனார் வண்டிதான். என் வீட்டுக்காரி காலேஜ் போற காலத்துலேர்ந்து இதத்தான் ஓட்டறா. எனக்குக் கார்னா கொள்ளை ஆசை, ஆனா ஓட்டறதுல அவதான் கில்லாடி. இதோட பழைய பிரேக் இருக்கே, ஒரே மிதியில நிக்காது. முதல் மிதி சும்மா உள்ள போகும், ரெண்டாவதுதான் பிடிக்கும். அது அவ காலுக்குப் பழகிப்போச்சு, யோசிக்கவே மாட்டா.

இல்ல இல்ல, சுத்தி வளைக்கல. விஷயத்துக்குத்தான் வர்றேன்.

மெக்கானிக் தலப்பாடா அடிச்சுக்கிட்டாரு, முதல்ல நிக்கறதுக்கு வழி பண்ணுங்க சார், அப்புறம் ஓடறதப் பாக்கலாம்னு. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் வாங்கித்தான் வெச்சிருந்தேன். ஆனா பழைய கார்க்காரங்க நாங்கல்லாம் ஞாயித்துக்கிழம ஒண்ணு கூடுவோம். அங்க எல்லாரும் பானெட்டத் திறந்துதான் பாப்பாங்க. சக்கரத்துக்குள்ள யாரு சார் குனிஞ்சு பாக்கறா? அதனால கார்ப்பரேட்டர் மட்டும் மாட்டினாப் போதும்னு சொல்லிட்டேன். பீத்திக்கறதுக்கு, வேற என்ன.

வண்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கு நான் சோபாவுல சாஞ்சு போனப் பாத்துட்டிருக்கேன். இஞ்சின் படத்த நண்பர்களுக்கு அனுப்பிட்டு, என்ன சொல்றாங்கன்னு. அவ செருப்ப மாட்டிக்கிட்டே கேட்டா, பிரேக்கும் மாத்தியாச்சான்னு. ம்-ன்னேன். அவ்வளவுதான் சார். பொய் சொல்லணும்னு நினைக்கல. இல்லன்னா ஏன்னு கேப்பா, ஏன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? ம்-ங்கறது சுலபமா இருந்துச்சு.

அவங்க அப்பாவப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. எங்க சந்து முனையிலயே ஒரு பால் வண்டி குறுக்க வந்திருக்கு. புது பிரேக்காச்சேன்னு ஒரே மிதியா மிதிச்சு, அப்படியே ஊனிட்டு இருந்திருக்கா. இதுவோ இப்ப பாயற வண்டி. திருப்பினவ சுவத்துல கொண்டுபோய் மோதிட்டா. பம்பர் மட்டும் புதுசா இருக்கேன்னீங்களே, அதனாலதான். அதக்கூட அந்த மெக்கானிக்கிட்ட போடல. அவரு மூஞ்சியில முழிக்க முடியாம வேற எடத்துல குடுத்தேன்.

மாமனாரா? நல்லாத்தான் இருக்காரு. நெத்தியில தையல், கையில கட்டு. சட்டைக்குப் பட்டன் போட்டுக்க முடியல, இவதான் போட்டு விடறா. போடும்போதே கண்ணு கலங்கிடுது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டா சார். ஆசை ஆசையாப் பண்ணின வண்டி, நாசம் பண்ணிட்டேன், இனிமே ஸ்டியரிங்கத் தொடமாட்டேன்னு. நான் தோளத் தட்டிக் குடுத்து, பரவாயில்லன்னேன். பரவாயில்லைன்னு, நான், அவகிட்ட. இப்ப ஆபீசுக்கு பஸ்ஸுல தொங்கிட்டுப் போறா. வித்துடலாம்னு சொன்னதும் அவதான்.

டிக்கியத் திறந்து பாருங்க. ஸ்டெப்னிக்கு அடியில ஒரு அட்டப்பெட்டி, பிரிக்காம இருக்கும். அதான் சார் பிரேக். நீங்க வந்து உக்காந்ததும் கேட்டீங்கல்ல, பிரேக் புதுசான்னு? அவ பக்கத்துலயே நின்னுட்டிருந்தா. உங்களுக்கும் ம்-னுதான் சொன்னேன்.

இறங்கிடுங்க சார். அதோ வாசல்ல நிக்கறா பாருங்க, ஏன் ஓட்டிப் பாக்கலன்னு கேப்பா. நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. நானே சொல்றேன். இன்னைக்கே சொல்லிடறேன். சரியா?

என்ன சார், வெறும் ம்-ங்கறீங்க?