தேருக்குக் கட்டை போடுறவர் போட்ட மாத்திரை

இடுப்புவலி முகாமுக்கு வந்தவங்க மாத்திரைச் சீட்டை அப்படியே மடியில வெச்சுக்கிட்டு ஒரு குட்டிக் கதை கேளுங்க. சின்னதுதான்... உங்க கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன்.

எங்க ஊர்ல தெய்வசிகாமணின்னு ஒரு தையல்காரர். வருஷம் பூரா ஜாக்கெட் தைப்பார். தேரோட்டத்தன்னிக்கு மட்டும் வேற ஆளு! தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுறது அவர்தான். வலது சக்கரத்துக்கு இவர், இடது சக்கரத்துக்கு நல்லசிவம். ஆயிரம் பேர் வடம் புடிச்சு இழுக்கலாம்யா... நிறுத்துறது யாரு? இந்த ரெண்டு பேர்தான். கட்டை ஒரு நொடி தவறினா? போச்சு. சக்கரம் ஆளு யாருன்னு பார்க்குமா?

தேருக்கு நாலு நாள் முன்னாடி மனுஷனுக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு. டாக்டரம்மாகிட்ட போனார். "என்ன வேலை பார்க்குறீங்க?" "தையல் வேலைம்மா." பொய்யா? இல்ல. தேர் வருஷத்துக்கு ஒரு நாளாச்சே, அதைப் போய் யாரு சொல்லுவா! அந்தம்மா தசை இறுக்கம் தளர மாத்திரை எழுதினாங்க. "ராத்திரி ஒண்ணு மட்டும். தூக்கம் அசத்தும். வண்டி கிண்டி ஓட்டாதீங்க."

வெளியில வந்து சம்சாரம் பவுனம்மாகிட்ட சொல்லிச் சிரிக்கிறார். "வண்டி ஓட்டக் கூடாதாம்டி! எங்கிட்ட சைக்கிளே கிடையாது!"

தேரன்னிக்குக் காலையில... வலி கொஞ்சம் மிச்சம் இருக்கு. ராத்திரி போட்டது பத்தலைன்னு, இவரா இன்னும் ரெண்டு போட்டுக்கிட்டார். பத்து மணிக்குத் தேர் அசையுது. வலி? காணோம்! இடுப்பு இருக்கிற இடமே தெரியல. ஆஹா... என்ன சுகம்! மேளம் எங்கேயோ தண்ணிக்கு அடியில இருந்து கேக்குற மாதிரி கேக்குது. வடம் மெதுவா... மெதுவா... வீதியில நெளியுது. தேர்ச்சீலையெல்லாம் காத்துல மிதக்குது. மேல கலசம்... அது பாட்டுக்கு வானத்துல நீந்துது. தேர் மேலவீதி முக்குல திரும்பி இவரைப் பார்த்து வருது... வரட்டுமே... இன்னும் நேரம் இருக்கே... கை கட்டையைப் புடிச்சிருக்கு. போடுன்னு கைக்குச் சொல்ல ஆளில்ல. சிரிச்சுக்கிட்டே நிக்கிறார்.

மோர்ச் செம்போட ஓரமா நின்ன பவுனம்மா அதைப் பார்த்துட்டா. முப்பது வருஷத்துல தேரன்னிக்கு அந்த மூஞ்சி சிரிச்சு அவ பார்த்ததே கிடையாது! செம்பைப் போட்டுட்டு ஓடினா. "ஐயோ, வடத்தை விடுங்க! நல்லசிவம் அண்ணே, கட்டையைப் போடுங்க! எங்க வீட்டு மனுஷன் நெனவுல இல்ல!"

நல்லசிவம் போட்டார் பாருங்க ஒரு கட்டை... தேர் ஒரு ஆட்டம் ஆடி நின்னுச்சு. எங்கே? தெய்வசிகாமணி கால் விரலுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு சாண்! அப்பவும் மனுஷன் சொல்றார், "ஏண்டி கத்துற... மெதுவாத்தானே வருது..." அவ அவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நடுவீதியில ஓன்னு அழுதா.

இப்ப உங்களைக் கேக்குறேன். டாக்டரம்மா சொல்லலியா? சொன்னாங்க. மாத்திரை கெட்டதா? இல்லவே இல்ல. சொன்னபடி போட்டப்ப இடுப்பைத் தளர்த்துச்சு. இவரா கூட்டிப் போட்டப்ப ஆளையே தளர்த்திடுச்சு. "வண்டி ஓட்டாதீங்க"ன்னா, எங்கிட்டதான் வண்டி இல்லையேன்னு சிரிக்காதீங்கம்மா. அடுப்புல கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி இருக்கே, அதுவும் வண்டிதான். இடுப்புல பேரப்பிள்ளை இருக்கே... அதுவும்தான். உங்க தேர் எதுன்னு டாக்டருக்கு எப்படிய்யா தெரியும்? நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும். கேக்காம ஒரு மாத்திரை கூடப் போடாதீங்க.

அவருக்கு அன்னிக்கு ஓரமா ஒரு பவுனம்மா நின்னா... நமக்கு நிப்பாங்களா?