நடுச்சுவருக்கு ஒரு படம்

பாத்திர அலமாரி மடமடவென்று சரிந்து விழுந்தபோது நான் தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தேன், சார். கூடவே அக்காவின் அலறல். சமையலறைக்கு ஓடத்தான் எழுந்தேன். கால் என்னவோ ஓவிய அறைக்குத் திரும்பிவிட்டது. தரையில் விரித்திருந்த துணிமேல் சிவப்பு தானாக ஓடியது. அலறல் ஓய்ந்ததும் கையும் ஓய்ந்தது. அதன் பிறகு போய் அலமாரியைத் தூக்கினேன். அவளுக்குக் கால் விரலில் சின்ன முறிவு, அவ்வளவுதான்.

நான் வரைவது உருவமில்லாத ஓவியங்கள். பூ, குதிரை, பெண் முகம் எதுவும் இருக்காது. கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் என்னை வளர்த்த அக்காவுக்கே அவை பிடிபட்டதில்லை.

“என்னடா தம்பி, தரை தொடச்ச துணியை ஆணியில மாட்டி வச்சிருக்கே?” என்று நொண்டிக்கொண்டே சிரித்தாள்.

கண்காட்சிக் கூடத்து அம்மாள் சிரிக்கவில்லை. பதினொரு வருஷமாக என் படங்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது எங்கேயிருந்து வந்தது உங்களுக்கு?” என்றார்.

“தானா வந்ததுங்க.”

“இதே மாதிரி பெரிசா ஒண்ணு, எட்டு நாள்ல கொடுங்க. கண்காட்சியில நடுச்சுவர் உங்களுக்குத்தான்.”

அன்றிலிருந்து உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வெள்ளைத் துணியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அலமாரியை நானே இரண்டு முறை தள்ளினேன். சத்தம் வந்தது, கோடு வரவில்லை. கதவை அறைந்தேன், கண்ணாடியை உடைத்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர், “வீட்டுல சண்டையா சார்? ஒரு ஆள் சத்தம்தானே கேட்குது?” என்று விசாரித்தார். நான்காம் நாள்தான் புரிந்தது. அலமாரி அல்ல, அக்கா.

அவள் உட்காரப் போகும்போது முக்காலியை ஒரு சாண் நகர்த்தினேன். விழுந்தவள், “வயசாயிடுச்சுடா, முக்காலிகூட மதிக்க மாட்டேங்குது” என்று சிரித்துவிட்டாள். சிரிப்பை வைத்து என்ன செய்வது? ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் வந்தது. எனக்கு அவள்மேல் கோபமில்லை. அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

ஏழாம் நாள் காலை, மொட்டைமாடிப் படியில் மேலிருந்து மூன்றாவதில், வண்ணம் குழைக்கும் எண்ணெயைத் தடவினேன். திட்டமிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். திட்டமிட்டு நான் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. எண்ணெய் மட்டும்தான் என்னுடையது. காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு அவள் எந்தக் காலை வைப்பாள், எப்படி விழுவாள், என்ன குரல் எழுப்புவாள் என்பதெல்லாம் எனக்கும் தெரியாது. தூரிகையை நனைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

பதினொரு மணிக்கு இறங்கினாள்.

படத்தை நீங்களே பார்த்தீர்கள். அறையின் நீளம். ஒரு மூலையில் தொடங்கும் கருநீலம் எங்கும் அறுபடாமல் சுழன்று வரும். அப்படி ஒன்றுக்கு நாற்பது நிமிடமாவது வேண்டும். “தம்பி... தம்பி...” என்று அவள் விடாமல் கூப்பிட்டதால் முடிந்தது. கடைசியில் கோடு மெலிந்து மெலிந்து ஒரு புள்ளியில் நிற்கிறதே, அது நான் முடிவு செய்ததல்ல.

அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவர் சொன்னாராம். இருக்கலாம். அது அவர் தொழில்.

பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு ஏன் போய்த் தூக்கவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். இவ்வளவு சொன்ன பிறகும் அது விளங்காதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

“நான் போயிருந்தா அக்கா கூப்பிடறதை நிறுத்தியிருப்பா, சார்.”