வயரில்லாமல் எரிந்த எண்

மத்தியானம் ஒன்றரை மணி. அன்னவாசலிலிருந்து கீரனூர் போகும் சாலை. ஈ காக்கை இல்லை... பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது?

நம் கூட்டாளி நிலவழகனின் தாய்மாமா அழகுமலை பைக்கில் வருகிறார். கீரனூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய பழைய கம்ப்யூட்டர் கேபினெட். இருபது வருஷம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயார் செய்த டிடிபி கடையின் பெட்டி. போட்டோ, பெயர், வயது... ஊரில் யார் போனாலும் அதில்தான் ஏறும். சென்னையில் வேலை பார்க்கும் திருமயத்துக்காரர் ராம்நாத் அதை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். "வெளிய பழசாவே இருக்கட்டும்ண்ணே. உள்ள எல்லாம் புதுசா போட்டுக் குடுங்க."

கடையில் புது மதர்போர்டு உட்கார மறுத்தது. ஓட்டை ஒரு பக்கம், ஸ்க்ரூ ஒரு பக்கம். பின்தகரத்தை கிரைண்டரால் அறுத்தார். மூடியில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு கெட்டியாக அப்பியிருந்தது. தின்னர் போட்டுத் துடைத்தார். அந்தக் காலத்துப் பெட்டிகளில் வேகத்தைக் காட்ட முகப்பில் சிவப்பாக இரண்டு இலக்க எண் எரியும். இனி எதற்கு? வயரை வெட்டிவிட்டார்.

பவர் பட்டனை அமுக்கினார். டிக்... 71. வயரில்லாமல் எரிந்தது. துடைத்த இடத்தில் ஈரச் சந்தன வாசனை.

அரை மணி நேரத்தில் எதிர் வீட்டில் ஒப்பாரி. முத்துமாரியம்மாள். போஸ்டரில் வயது 71 என்று போட்டிருந்தார்கள்.

மறுநாள் 58. டீக்கடை ரெங்கசாமி... சொல்லவே வேண்டாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம். டிக்... 09.

அழகுமலையின் மகள் ஜனனிக்கு ஒன்பது வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். பிளக்கைப் பிடுங்கினார். எரிந்தது. சுத்தியலை ஓங்கினார்... உடைத்து, 09-லேயே நின்றுபோனால்? போன் அடித்தது. மனைவி திலகவதி.

"எங்க இருக்கீங்க? பிள்ளைக்குக் கண்ணு சொருகுது... வாங்க!"

அந்த எண்ணுக்குப் பின்னால் குட்டிக் குட்டி ஜம்பர்கள் உண்டு. மாற்றிச் செருகினால் எண் மாறும். பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வேலை. 00 வைத்தார். தானாக 09 ஆனது. 99... திரும்பவும் 09. தன் வயதான 45-ஐ வைக்க விரல் போனது. வைக்க மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்தபடி செருகினார்.

34. நின்றது.

"வேத்துக் கொட்டுதுங்க... தண்ணி கேக்குறா" என்று போனில் திலகவதி அழுதாள். அழகுமலையும் அழுதார்.

அதே நேரம், பெட்டியை வாங்கிப்போக வந்த ராம்நாத் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருக்கிறார். இறங்கிய இடத்திலேயே சரிந்தாராம். போஸ்டரைப் பார்த்துத்தான் அழகுமலைக்கு அவர் வயது தெரிந்தது.

அதன் பிறகு பெட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. அழகுமலையும் கரண்ட் கொடுக்கவில்லை. சந்தனம் வைத்து, துணி போட்டு மூடிவிட்டார்.

போன வாரம் ஜனனிக்குப் பத்து முடிந்தது. நேற்று துணிக்குள்ளிருந்து... டிக். 10.

உடனே நிலவழகனுக்கு போன் போட்டிருக்கிறார். "மாப்ள... ராத்திரி கதை பேச ஒன் கூட்டாளிங்க சேருவாய்ங்கள்ல? அவய்ங்களுக்கெல்லாம் என்ன வயசுடா?"

இவனும் நம் வயதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறான்.