ஒரே நியூட்ரல்

— இன்னும் கொஞ்ச நேரம் பாரு தம்பி. இப்ப மினுக்கும்.

— ஏணியில நின்னு நின்னு கால் மரத்துப் போச்சும்மா. பல்பு அசைய மாட்டேங்குது.

— அதான்… அப்படி எரியக் கூடாது.

— என்னது?

— இல்ல… மினுக்கும்னு சொன்னேன்.

— எலக்ட்ரீஷியன் வந்தா எல்லா வீட்டு லைட்டும் ஒழுங்காயிடும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விடற மாதிரி. பல்பை மாத்திட்டேன், ஹோல்டரை மாத்திட்டேன், சுவிட்சையும் பிரிச்சுப் பார்த்துட்டேன். இனி என் மேல தப்பு இல்ல.

— உன் மேல தப்புன்னு யாரு சொன்னா? இறங்கு, டீ ஆறுது.

— எப்பெப்பம்மா மினுக்கும்?

— காலையில ஒரே மங்கலா மங்கும். அது ஹீட்டர். சாயங்காலம் விட்டு விட்டு மினுக்கும். அது அயர்ன் பாக்ஸ்.

— உங்க வீட்டுலதான் ஹீட்டரே இல்லையே.

— இங்க இல்ல… சுவருக்கு அந்தப் பக்கம்.

— வாடகைக்கு விட்டிருக்கீங்களா?

— அண்ணன்.

— ஓ… உள்ள வரும்போதே பார்த்தேன், ஒரே வீட்டை நடுவுல வெட்டின மாதிரி இருக்கேன்னு. இருங்க, அந்த மீட்டர் பெட்டியைத் திறக்கறேன். ம்… அகப்பட்டுச்சு.

— கையைச் சுட்டுக்காதே.

— மீட்டரைப் பிரிச்சிருக்கீங்க, சுவரு எழுப்பியிருக்கீங்க. நியூட்ரலை மட்டும் பிரிக்க மறந்துட்டீங்க. கரண்டு திரும்பிப் போற வழி உங்களுக்கும் அவருக்கும் ஒண்ணுதான். அந்த ஜாயின்ட் லூஸாகிக் கருகிக் கிடக்கு. அவர் அங்க ஹீட்டர் போட்டா உங்க லைட்டு இங்க மங்குது.

— அந்த வயரு அறுந்து போயிருக்குமா தம்பி?

— அறுந்தா லைட்டே ஒழுங்கா எரியாதும்மா. இன்னும் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு. அங்க போட்டா இங்க கண்டிப்பா மங்கும்.

— கண்டிப்பாவா?

— கண்டிப்பா. ஆனா இப்படியே விட்டா பத்திக்கும். உங்களுக்குத் தனியா ஒரு வயரு இழுத்துடறேன். அப்புறம் அவர் என்ன போட்டாலும் இங்க தெரியாது.

— வேண்டாம்.

— ஏம்மா… விளையாட்டா? ரெண்டு வீடும் சாம்பலாயிடும்.

— வேண்டாம்னா விடேன். முறுக்கி டேப் சுத்து, போதும்.

— அவர்கிட்ட பேசத் தயக்கமா இருந்தா நான் பேசறேன்.

— நீ பேசிடுவே. நான் பேசித்தான் வருஷக்கணக்கா ஆச்சு. அண்ணி போனப்பகூட அவர் வாசல் வரைக்கும் போனேன். உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லுவார்னு நின்னேன்… சொல்லலை. திரும்பிட்டேன்.

— அப்ப அவரும் தனியாத்தான் இருக்காரா?

— ம். இந்தச் சுவரு எழுப்பினதுல அந்தப் பக்கம் துணி காயறதுகூடத் தெரியறதில்ல. லைட்டு மங்கினா, சரி, எழுந்துட்டார், குளிக்கப் போறார்னு நானும் அடுப்பைப் பத்த வைப்பேன். சாயங்காலம் மினுக்கினா சட்டை தேய்க்கிறார்னு அர்த்தம். எங்கயும் போகாட்டியும் தேய்ச்ச சட்டைதான் போடுவார், மகாராஜா.

— அதுக்குத்தான் வேண்டாம்னீங்களா…

— சிரிக்காதே.

— சிரிக்கலைம்மா. ஆனா ஒண்ணு புரியலை. மினுக்கறது உங்களுக்கு வேணும்னா, அதைச் சரி பண்ண என்னை ஏன் கூப்பிட்டீங்க? நான் வந்ததுல இருந்து ஒரு தடவைகூட மினுக்கலையே.

— முந்தாநாள்ல இருந்தே மினுக்கலை தம்பி. வயர்லதான் கோளாறு, அதான் மினுக்கலைன்னு நீ சொல்லிடுவேன்னு பார்த்தேன். இப்ப… வயரு பார்க்கணும்னு சொல்லி அந்தக் கதவைத் தட்டு. திறந்தார்னா என் பேச்சை எடுக்காம வந்துடு. திறக்கலைன்னா… என்னைக் கூப்பிடு. நான் இங்க வாசல்லதான் நிக்கிறேன்.