மத்தியானத்து டெலிபோன்

— கையை எடு தங்கம்! அதைத் தொடாதை. அடிக்கட்டும். அடிச்சு அடிச்சு உந்தப் பெட்டி சுவரோடை கழண்டு விழுந்தாலும் பரவாயில்லை.

— சிவக்கொழுந்தக்கா, உங்களைக் கும்பிட்டன், எடுங்கோ. சரியாப் பன்ரண்டு மணி. அவர்தான்.

— அவரோ? ஆரடி அவர்? செத்துப்போன உன்ரை புருசனைக்கூட நீ இவ்வளவு மரியாதையாச் சொல்லி நான் கேக்கேல்லை.

— நிக்கப்போகுதக்கா...

— நிக்கட்டும். பார், நிண்டிட்டுது. இனி உதிலை இரு. இரு எண்டுறன். இருந்து, என்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லு. சீலைத் தலைப்பிலை என்ன முடிஞ்சு வைச்சிருக்கிறாய்?

— ஒண்டுமில்லை.

— ஒண்டுமில்லாததையே ரெண்டு கையாலையும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? அவிழ்.

— அட்டியல்.

— உன்ரை கலியாணத்து அட்டியலோ? அதை ஏன் பட்டப்பகலிலை என்ரை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தனீ?

— ரத்தினத்துக்குக் குடுத்துவிட.

— எடி, ரத்தினம் மலாயாவிலை. நாப்பதாம் ஆண்டு கப்பலேறின பிள்ளை. யப்பான்காரன் வந்த பிறகு ஒரு காயிதம் இல்லை, ஒரு தந்தி இல்லை. சண்டை முடிஞ்சு நாலு மாசம், இன்னும் ஒரு சிலமனும் இல்லை. அட்டியலை ஆரிட்டைக் குடுத்துவிடப் போறாய்?

— டெலிபோன் எடுக்கிற அந்த ஐயாவிட்டைத்தான். அவரும் ரத்தினமும் ஒரே கப்பலிலை வந்தவையாம். என்ரை பிள்ளை கொழும்பிலை ஆசுப்பத்திரியிலை கிடக்கிறானாம். எழும்பி நடக்கேலாதாம்.

— அடி பாவி! ரெண்டு கிழமையா நான் கேக்கிறன், ஆர் உன்னை ஒவ்வொரு நாளும் கூப்பிடுறதெண்டு. மாத்தளையிலை கடை வைச்சிருக்கிற மச்சான் எண்டாய்.

— அவர்தான் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டவர். ரத்தினம் யப்பான்காரனுக்கு வேலை செய்தவன் எண்டு வெள்ளைக்காரன் மறிச்சுப் போடுவானாம்.

— விசர்க் கதை! என்ரை மனுசன் இருவத்தஞ்சு வருசமாக் கோட்டிலை வழக்குப் பேசுற பிரக்கிராசி. அவரிட்டைச் சொன்னால் ஒரு தந்தியிலை கொழும்பிலை உள்ள ஆசுப்பத்திரி எல்லாத்தையும் விசாரிச்சிருப்பார். அதாலைதான் உவன் சொல்லவேண்டாம் எண்டவன். விளங்குதே? ... ஏன் தலையைக் குனியிறாய்? தங்கம், அந்தச் சோடிக் காப்பு எங்கை?

— எந்தக் காப்பு?

— ரத்தினத்துக்கு வாறவளுக்குப் போடவேணும் எண்டு, நீ கஞ்சி குடிச்ச நாளிலைகூட ஈடு வைக்காமல் பெட்டியிலை பூட்டி வைச்சிருந்த காப்பு.

— மருதனாமடச் சந்தியிலை வந்து நிண்டவர். போன வெள்ளிக்கிழமை.

— கையிலை குடுத்திட்டியோ!

— அக்கா, நீங்கள் அந்த மனுசனைக் கண்டால் இப்பிடிப் பேசமாட்டியள். எலும்புந் தோலும். ஒரு காலிலை புண், துணி சுத்தியிருந்தது. என்ரை முகத்தை நிமிர்ந்தே பார்க்கேல்லை, பாவம்.

— கள்ளன் எப்பிடியடி நிமிர்ந்து பார்ப்பான்? பாவமாம், பாவம்! எனக்கு உடம்பெல்லாம் பத்தி எரியுது. உந்தக் கோதாரி டெலிபோனை இவர் வழக்கு விசயம் கதைக்க எண்டு பூட்டினவர். காலமை அவர் கோட்டுக்குப் போயிடுவார், உதோடை கிடந்து மாயிறது நான். புகையிலைத் தரகன் ஒருத்தன் நம்பர் மாறி எடுத்து, ஏன் இன்னும் லொறி வரேல்லை எண்டு என்னை வாய்க்கு வந்தபடி பேசுறான். இன்னொருத்தன், ‘கலோ’ எண்டால் மூச்சு விடுறான், வைக்கிறான். எல்லாத்தையும் பொறுத்தன். ஆனால் இது? நான்தானே வேலிக்கு மேலாலை எட்டி, ‘தங்கம், உனக்கு டெலிபோன், ஓடி வா’ எண்டு கூப்பிட்டு விட்டனான். உன்னை உரிக்கிறதுக்கு நானெல்லோ நாள்தோறும் பிடிச்சுக் குடுத்திருக்கிறன்!

— அவர் கள்ளன் இல்லை அக்கா. ரத்தினம் நண்டு திண்டால் உடம்பு தடிக்கும் எண்டு சொன்னவர்.

— அது உந்த ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

— முழங்காலிலை தழும்பு இருக்கிறதைச் சொன்னவர்.

— உடுவில் முழுக்கத் தெரியும். பள்ளிக்கூட மதிலாலை விழுந்தவன்.

— கப்பலுக்குப் போற அண்டு நான் அவனுக்கு அடிச்சதைச் சொன்னவர்.

— அடிச்சனியோ? நீயோ?

— ஓம். கன்னத்திலை. போகாதை எண்டு சொல்லிச் சொல்லி, கேக்கேல்லை எண்டு அடிச்சுப்போட்டன். குசினிக்குள்ளை. ஒருத்தருக்கும் தெரியாது. ‘அம்மா அடிச்சதை நினைச்சு அழவேண்டாம் எண்டு ரத்தினம் சொன்னவன்’ எண்டு அந்த ஐயா சொன்னார். அதுக்குப் பிறகு நான் என்னெண்டக்கா நம்பாமல் இருக்கிறது?

— நீயே முதல் வாயை விட்டிருப்பாய். ‘என்ரை பிள்ளைக்கு அடிச்சனே’ எண்டு குழறியிருப்பாய், அவன் அதைப் பொறுக்கி எடுத்திருப்பான். உவங்கள் அப்பிடித்தான், எங்கடை வாயிலை இருந்து புடுங்கி எங்களுக்கே விப்பாங்கள். தள்ளு. அந்தக் கைபிடியைச் சுத்தவேணும்.

— ஆருக்கக்கா?

— தபாற்கந்தோருக்கு. லைன் குடுக்கிறவனுக்குத் தெரியாமல் ஒரு மணியும் அடிக்காது. ... கலோ! கலோ!

— நம்பர் பிளீஸ்.

— நம்பரும் மண்ணாங்கட்டியும். ஆர், ஐசாக்கோ?

— ஓமம்மா, ஐசாக்தான். பிரக்கிராசியார் வீட்டம்மாவோ? கோட்டுக்கு லைன் தரட்டோ?

— வேண்டாம். இப்ப பன்ரண்டு மணிக்கு எங்களுக்கு அடிச்சவன் எங்கையிருந்து எடுத்தவன்?

— அது சொல்ல றூல் இல்லையம்மா.

— ஐசாக், உன்னைப் பெத்தவ உயிரோடை இருக்கிறாவோ?

— இருக்கிறா. ஏனம்மா?

— ஒருத்தன் உன்ரை பேரைச் சொல்லி, நீ சாகக் கிடக்கிறாய் எண்டு சொல்லி, அவவின்ரை கழுத்திலை கிடக்கிறதைக் கழட்டிக்கொண்டு போனால் நீ றூல் பார்ப்பியோ?

— காங்கேசன்துறை. துறைமுகத்துப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. அதுக்கு மேலை என்னைக் கேக்காதையுங்கோ.

— வேறை எத்தினை வீட்டுக்கு எடுக்கிறவன்?

— ஒரு வீட்டுக்கும் இல்லை. உங்கடை நம்பர் ஒண்டுதான். துவக்கத்திலை மூண்டு நாள் நான் லைன் குடுத்தனான், ஒண்டும் கதையாமல் வைச்சிட்டார்.

— அந்த மூச்சு விடுறவனும் உவன்தானோ? நோட்டம் பார்த்திருக்கிறான். நல்லது. திருப்பி எடுத்தால் குடு. நான் அவனைக் கதையிலை பிடிச்சு வைச்சிருப்பன். நீ லைனிலை நிண்டு கேட்டுக்கொண்டு, நான் சொன்ன உடனை காங்கேசன்துறைப் பொலிசைக் கூப்பிடு.

— கேட்டுக்கொண்டு நிக்க றூல்...

— நில்லு!

— சரியம்மா. நிக்கிறன்.

— அக்கா, பொலிசு வேண்டாம். பிறகு ரத்தினத்தை ஆர் பாக்கிறது?

— எடி, அங்கை ரத்தினமே இல்லை! அதைத்தான் நான் உனக்கு... அந்தா, அடிக்குது. விலகு. நான் எடுக்கிறன். நீ ஒரு சொல்லுக் கதைக்கக்கூடாது.

— கலோ... சின்னத்தங்கமம்மா இருக்கிறாவோ?

— சின்னத்தங்கத்தின்ரை அக்கா கதைக்கிறன். உனக்கு இண்டைக்கு அட்டியல் எங்கை கொண்டுவந்து தரவேணும்? தேத்தண்ணிக் கடைக்கோ? துறைமுகத்துக்கோ?

— அம்மா, நீங்கள் ஆர்?

— பிரக்கிராசி நமசிவாயத்தின்ரை பெண்சாதி. அஞ்சு வருசமாப் பிள்ளையின்ரை முகம் காணாமல் வேலியிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஒரு கைம்பெண்டாட்டியிலையோ உன்ரை கெட்டித்தனம்? சோத்தைத்தானே திண்டு வளந்தனீ? வைச்சிட்டு ஓடலாம் எண்டு நினையாதை. நீ இருக்கிற கடை எனக்குத் தெரியும். ஓடுற காலும் உனக்கு இல்லையாமே.

— ஓடேல்லையம்மா. நான் நிக்கிறன்.

— ஆர் உனக்கு அந்தப் பிள்ளையின்ரை கதையெல்லாம் சொல்லித் தந்தது? ஆர் அந்தத் துரோகி? பேரைச் சொல்லு!

— கனகரத்தினம்தான்.

— எந்தக் கனகரத்தினம்?

— அவவின்ரை மகன். உங்கடை டெலிபோன் நம்பரும் அவன் தந்ததுதான். பக்கத்து வீட்டிலை இருக்கு, அம்மாவைக் கூப்பிட்டு விடுவினம் எண்டு சொல்லித் திருப்பித் திருப்பிப் பாடமாக்க வைச்சவன். எழுத அங்கை கடுதாசி இல்லை.

— பொய்.

— அக்கா, என்னவாம்? ரத்தினத்தின்ரை பேர் சொல்லுறாரோ?

— நீ சும்மா நில் தங்கம்! ... நீ சொல்லு. எங்கை?

— சயாமிலை. ரயில்பாதை போட எங்களைக் கோலாலம்பூரிலையிருந்து கொண்டுபோனவங்கள். ஒரே கொட்டில். நாப்பத்துமூண்டு ஆடி மாசம் பேதி வந்தது. எங்கடை கொட்டிலிலை அறுவது பேர். மூண்டாம் நாள் நாங்கள் ஒன்பது பேர்தான் எழும்பினது.

— ரத்... அவர்? அந்த ஆள்?

— என்ரை மடியிலைதானம்மா. தண்ணி கேட்டான், நல்ல தண்ணி இல்லை. அடிச்சதை நினைச்சு அழவேண்டாம் எண்டு அம்மாவுக்குச் சொல்லு எண்டான். அது சத்தியம். நான் சொன்னதிலை அது ஒண்டுதான் சத்தியம்.

— அக்கா, ஏன் குழலை இப்பிடி நெரிச்சுப் பிடிக்கிறியள்?

— கோவத்திலையடி. கோவத்திலை. ... அப்ப ஏன்டா? அப்ப ஏன் நீ வேறை மாதிரிச் சொன்னனீ?

— சொல்லத்தானம்மா எடுத்தனான். மூண்டு நாள் எடுத்தன், வாய் வரேல்லை. நாலாம் நாள் நீங்கள் அவவைக் கூப்பிட்டு விட்டியள். ‘ரத்தினத்தோடை இருந்தனான்’ எண்டு மட்டும்தான் சொன்னன். ‘என்ரை பிள்ளை இருக்கிறானோ?’ எண்டு அவ ஒரு கத்துக் கத்தினா. நான் ‘ஓம்’ எண்டிட்டன்.

— அதோடை விட்டிருக்கலாம்.

— விடலாம். எங்கை எண்டு கேட்டா, ஆசுப்பத்திரி எண்டன். ஏன் வரேல்லை எண்டு கேட்டா, நடக்கேலாது எண்டன். காப்பு அனுப்புறன், வித்து மருந்து வாங்கிக் குடுங்கோ எண்டு அவவாத்தான் சொன்னா. அது நான் கேக்கேல்லை. எனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லையம்மா, வீட்டுக்குப் போனன், அம்மா செத்துப்போனா, தம்பியார் கதவைத் திறக்கேல்லை. வாங்கித் திண்டன். அட்டியல்... அட்டியல் நான்தான் கேட்டனான். அதுக்கு நீங்கள் என்னைப் பொலிசிலை குடுத்து மறியலிலை போட்டாலும் நியாயம்.

— நாய். பிணந்தின்னி நாய். அந்தப் பிள்ளை உன்னை நம்பித்தானே சொல்லிவிட்டவன்!

— ஓமம்மா.

— உன்ரை மூஞ்சியைக் கண்டால் செருப்பாலை அடிப்பன்.

— அடியுங்கோ. ஆனால் அவவை ஒருக்கால் கூப்பிடுங்கோ. இண்டைக்கு நான் உள்ளதைச் சொல்லிப்போடுறன். இதைச் சுமந்துகொண்டு திரிய என்னாலை ஏலாது.

— உன்னாலை ஏலாதோ? உன்னாலை ஏலாதெண்டு போட்டு, அவளின்ரை தலையிலை இறக்கப் போறியோ? கேள். இந்த நம்பருக்கு இனி நீ எடுக்கக்கூடாது. இண்டைக்கில்லை, நாளைக்கில்லை, ஒருக்காலும் இல்லை. உடுவில் பக்கம் உன்ரை காலடி படக்கூடாது.

— அப்ப ஆரம்மா அவவுக்குச் சொல்லுறது?

— அதை நான் பார்க்கிறன். வை.

— அம்மா...

— வையடா!

— அக்கா, வைச்சிட்டாரோ? அக்கா! என்னவாம்?

— பொறு தங்கம். பொறு. இந்தக் குழலுக்குள்ளை இன்னும் ஆரோ... ஆர்?

— ஐசாக்கம்மா. நீங்கள் சொன்னபடியாலை நிண்டனான்... காங்கேசன்துறைப் பொலிசுக்கு எடுக்கட்டோ?

— வேண்டாம்.

— அம்மா, நான் எல்லாத்தையும்...

— நீ ஒண்டும் கேக்கேல்லை, ஐசாக். கேட்டுக்கொண்டு நிக்க உனக்கு றூல் இல்லை.

— இல்லையம்மா. நான் ஒண்டும் கேக்கேல்லை.

— சிவக்கொழுந்தக்கா, ஏன் பொலிசு வேண்டாம் எண்டியள்? அவர் என்ன சொன்னவர்? என்ரை பிள்ளையைப் பற்றி என்ன சொன்னவர்? உள்ளதைச் சொல்லுங்கோ, உங்கடை பிள்ளையளாணை!

— உள்ளதைத்தானடி நீ வந்த நேரம் துவக்கம் தொண்டை கிழியக் கத்துறன். உவன் பச்சைக் கள்ளன். உன்ரை ரத்தினத்தை உவன் கண்ணாலையும் கண்டதில்லை.