உள்ளதை உள்ளபடி சொல்லும் மிஷின்

— மத்தியானம் ஆனா இந்த மொழிபெயர்ப்பு மிஷின் வேலை செய்யாதா? என்னக்கா சொல்றே, சாஃப்ட்வேருக்கு சாப்பாட்டு நேரமா?

— சூடாயிடும் போல, ஆறட்டும்னு நானும் விட்டுட்டேன்டா. கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவன் நீ. தம்பின்னு ஒருத்தன் இருந்தும் இப்பத்தான் எட்டிப் பாக்கறே.

— சரி சரி. வேற என்னெல்லாம் பண்ணுச்சு?

— மருமகளுக்கு எழுதும்போது முட்டி வலின்னு ஒரு வரி எழுதினேன். அனுப்பற பட்டனை அமுக்கினா, 'வெந்நீர் ஒத்தடம் குடுத்துப் பாத்தீங்களா'ன்னு வருது.

— மருமக கேட்டாளா?

— அவ இல்லடா, மிஷின். இப்ப வர்றதெல்லாம் அப்படி விசாரிக்கும் போலன்னு நினைச்சேன். மரியாதை தெரிஞ்ச மிஷின்னு பக்கத்து வீட்ல சொல்லி வேற வெச்சிருக்கேன்.

— அக்கா, நீ கோவப்படாம கேளு. இது மிஷினே இல்ல. டப்பாவுல இருக்கற கம்பெனி பேரு, படம் எல்லாம் போலி. ஆன்லைன்ல விக்கிற எவனோ ஒட்டி வித்திருக்கான். உள்ள ஒண்ணுமே இல்ல. நீ தமிழ்ல எழுதறதை அந்தப் பக்கம் ஒரு ஆள் உக்காந்து மருமக பாஷையில மாத்தி அனுப்பறாங்க. அவ எழுதறதைத் தமிழாக்கி உனக்கு அனுப்பறாங்க.

— ஆளா? என் வீட்டு விஷயத்தையெல்லாம் ஒரு ஆளாடா படிச்சிட்டிருந்தது?

— ஆணோ பொண்ணோ, அது தெரியல. ஆனா ஆள்தான்.

— அட கஷ்டகாலமே. பையனை நடுவுல வெச்சுப் பேசினா பாதியை முழுங்கிடறான்னுதானே இதை வாங்கினேன். 'உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு'ன்னா 'சரிம்மா'ம்பான், அங்க போய் வேற என்னத்தையோ சொல்லுவான். மிஷின்னா உள்ளதை உள்ளபடி சொல்லுமேடா.

— அதான் எனக்கும் பாக்கணும் போல இருக்கு. போன வாரம் நீ எழுதினதைத் தமிழ்ல படி. அவளுக்குப் போனது இங்க கீழ இருக்கு, அதை நான் என் ஃபோன்ல போட்டு மாத்திப் பாக்கறேன்.

— 'இத்தனை நாளா ஒரு ஃபோன் இல்ல. விரல் என்ன தேஞ்சா போச்சு?'

— போனது இது: 'உன் குரல் கேக்காம வீடே வெறிச்சுன்னு இருக்கு.'

— நானா?

— நீதான். அடுத்தது படி.

— 'நீ பின்னி அனுப்பின ஸ்வெட்டர்ல எனக்கு ஒரு கைதான் நுழையுது. அளவு கேட்டா வாய் வலிக்குமா?'

— 'ஸ்வெட்டரைப் பாக்கறவங்ககிட்டல்லாம் காட்டிட்டேன். நிறம் கண்ணுலயே நிக்குது.'

— சிரிக்காதடா.

— சிரிக்கலக்கா. நீ இவ்வளவு நல்லவளான்னு பாத்துக்கிட்டிருக்கேன்.

— ஞாயித்துக்கிழமை அவ வர்றா, தெரியும்ல? முத தடவையா வர்றா. அந்த இனிக்க இனிக்கப் பேசற மாமியாரைத் தேடிக்கிட்டு வருவா, வாசல்ல நான் நிப்பேன்.

— புகார் பட்டன் இதோ இருக்கு. அமுக்கிடட்டுமா? கடையை மூடிடுவாங்க.

— கையை எடு. முதல்ல ஒண்ணு தெரியணும். அவ எழுதினதுலயும் இதே மாதிரி சர்க்கரையைக் கொட்டியிருக்காங்களா இந்த ஆள்? அவ கடுதாசியைப் படிச்சிட்டுத்தான்டா நான் தூங்கறேன். பையன்கிட்ட கூட இதைச் சொன்னதில்ல.

— இரு, அவ எழுதின அசலும் இருக்கு. பாத்துடுவோம்.

— என்னடா, திட்டியிருக்காளா? பரவால்ல, சொல்லு. திட்டறதுக்கு அவளுக்கு உரிமை இருக்கு.

— இல்லக்கா. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருக்கு. உனக்கு வந்ததும் அவ எழுதினதும் ஒண்ணுதான். ஒரு எழுத்து மாத்தல.

— நிஜமாவா?

— நிஜமா. ஆனா ஒண்ணு இடிக்குது. இந்த வாரம் என்ன எழுதியிருக்கா பாரு. 'அளவு கேக்காம பின்னினது என் தப்பு அத்தை. வரும்போது பெருசா ஒண்ணு கொண்டு வரேன்.'

— ஆமா, படிச்சேன். தங்கமான பொண்ணு.

— அளவைப் பத்தி நீ கேட்டதை இந்த ஆள் அனுப்பவே இல்லையே. நிறம் நல்லாருக்குன்னுதானே போச்சு. அவளுக்கு எப்படித் தெரியும்?

— பையன் சொல்லியிருப்பானோ?

— அவன்கிட்ட நீ சொன்னியா?

— சொன்னா 'சரிம்மா'ன்னுவான்னு சொல்லல.

— அப்போ?

— அப்போ என்ன, அந்த ஆளையே கேளு. மத்தியானம் தாண்டியாச்சு, சாப்பிட்டு வந்திருப்பாங்க. மரியாதையா கேளு. ஒத்தடம் கேட்ட ஆளு.

— 'நீங்க மிஷின் இல்லன்னு எங்களுக்குத் தெரியும். மருமகளுக்கு அளவு விஷயம் எப்படித் தெரிஞ்சுது?' போதுமா?

— பயப்படாம சொல்லுங்கன்னு போடு. புகார் எதுவும் குடுக்கலன்னும் போடு.

— போட்டாச்சு. அடிக்கறாங்க... அழிக்கறாங்க... திரும்ப அடிக்கறாங்க.

— என் கண்ணாடி எங்க? வேணாம், நீயே படி.

— 'மன்னிச்சிடுங்கம்மா. நான் மாத்தி அனுப்பறதை உங்க மருமக எப்பவோ கண்டுபிடிச்சிட்டாங்க. அதுலேருந்து ரெண்டையும் தனியா கேட்டு வாங்கிக்கறாங்க, நீங்க எழுதினது அப்படியே ஒண்ணு, நான் இனிப்பா மாத்தினது ஒண்ணு. பதில் எழுதறது நீங்க எழுதினதுக்குத்தான்.'